உத்திராபதியின் திருகும் ஒன்பது புள்ளிகளும்

கடலூர் முதுநகரில் யாராவது செத்துப்போனால், டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே உத்திராபதிக்குப் போன் வந்துவிடும். அவர் பேசிக் கொடுத்தால்தான் பக்கிரியின் ஆட்டோ கிளம்பும். ஆட்டோ கிளம்பினால்தான் ஊருக்குச் சாவு தெரியும். ஊருக்குத் தெரியாத சாவு முதுநகரில் பாதிச் சாவுதான்.

ஆட்டோவின் தலையில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். உள்ளே உத்திராபதியின் குரல். ஆள் பார்க்க நோஞ்சான். ஆனால் குரல் மட்டும் வேறு யாருக்கோ செய்த உருப்படி வழிதவறி அவரிடம் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். ஆடித் தள்ளுபடி, கோயில் கொடியேற்றம், மாதா கோயில் தேர்பவனி, காணாமல் போன பசுமாடு எல்லாவற்றையும் அந்தக் குரல்தான் சொல்லும். சாவையும் அதுவே சொல்லும். இந்துவாக இருந்தால் "இறைவனடி சேர்ந்தார்", கிறிஸ்தவராக இருந்தால் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". இரண்டும் அவருக்குத் தூக்கத்திலும் வரும்.

சாவு வீட்டிலிருந்து துண்டுச்சீட்டு வரும். மகன்கள் பெயர் வயசு வரிசையில், பிறகு மகள்கள், பிறகு மருமகன்கள். வரிசை ஒன்று மாறினால் போதும், பிணத்தை விட்டுவிட்டு எல்லோரும் உத்திராபதி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒருமுறை மூன்றாவது மருமகன் பெயர் விட்டுப்போய், அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவுக்குக் குறுக்கே படுத்துவிட்டார். மறுபடி பதிவு செய்து, அவர் பெயரை இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

பதிவெல்லாம் வீட்டில்தான். சமையல்கட்டுக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் இருந்த சாமான் அறையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து, மனைவி செல்லாயியின் பழைய புடவைகளைக் கொடியில் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்துக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் ரயில் ஜங்ஷன். இரண்டு ரயிலுக்கு நடுவில் பேசி முடிக்க வேண்டும். "செத்தவன் காத்திருப்பான். மாயவரம் வண்டி காத்திருக்காது" என்பார்.

அவருடைய குரலில் ஒரு குறை இருந்தது. "மாபெரும்" என்று ஆரம்பிக்கும்போது குழாய் கிழியும். "அனைவரும் வருக" என்று முடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் நாய்க்குக்கூடக் கேட்காது. 2005இல் இந்தக் குறையை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனார். அங்கே தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டிலேயே பக்திப் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார் சிங்காரம். இருவரும் ஒரே வயசு. சிங்காரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, சத்தத்தைச் சீராக்கும் பழைய கம்ப்ரசர் பெட்டியைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

கறுப்புத் தகரப் பெட்டி. ஐந்து திருகு, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. திருகுக்கு மேலெல்லாம் இங்கிலீஷ்.

"இது என்னா மச்சான் பண்ணும்?"

"குள்ள வாசக்கால் பாத்திருக்கியா? நெட்டையா இருக்கறவன் குனிஞ்சு போவான், குள்ளமா இருக்கறவன் அப்படியே போவான். அதான் இது." சிங்காரம் முதல் திருகைத் தொட்டார். "இது த்ரெஷோல்டு. வாசக்கால் எவ்ளோ ஒசரம்னு வைக்கிறது. உன் சத்தம் அதுக்கு மேல போனா இடிக்கும், இந்தச் செவப்பு லைட் எரியும். அடுத்தது ரேஷியோ. இடிச்சவன் எவ்ளோ குனியணும்னு. லேசா தலைய சாய்ச்சாப் போதுமா, இல்ல தவழ்ந்து போவணுமா."

"அட்டாக்னு போட்டிருக்கே, அது?"

"நெஞ்சு வலி இல்ல, பயப்படாத. எவ்ளோ சுருக்கா தலைய அமுக்கணும்னு. ரொம்ப சுருக்கா வச்சா 'பெரும்'ல இருக்கற பானாவ முழுங்கிடும். கொஞ்சம் தாமசமா வை. அப்புறம் ரிலீஸ். அமுக்கின கைய எப்ப எடுக்கறதுன்னு. சீக்கிரம் எடுத்தா, ரெண்டு வார்த்தைக்கு நடுவுல நீ வுடுற மூச்செல்லாம் மேல வந்துடும். மெதுவா எடுத்தா மூச்சு கேக்காது."

"கடைசித் திருகு?"

"கெயின். எல்லாரையும் குனிய வச்சு ஒரே ஒசரம் ஆக்கிட்ட இல்ல? இப்ப தரைய மேல தூக்கு. நெட்டையன் குள்ளன் வித்தியாசமே தெரியாது. எல்லாவனும் நெட்டையனாத்தான் தெரிவான்."

உத்திராபதி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். தனக்குச் சரியாக வந்த இடத்தில், முதல் திருகின் ஓரமாக, செல்லாயியின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். இங்கிலீஷ் எழுத்தைவிடப் புள்ளி நம்பகமானது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் குரலுக்கு ராஜ வாழ்க்கை. ஜங்ஷனில் தண்டவாளத்தை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். ஊரே அவருக்காக வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது.

2008இல் ஒரு காலை. மளிகைக் கடைத் திறப்பு விழா. "மாபெரும்" என்றார். சிவப்பு விளக்கு எரியவில்லை. மறுபடி சொன்னார். எரியவில்லை. பெட்டி பழுது என்று நினைத்து மண்டையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு செல்லாயியைக் கூப்பிட்டு ஏதாவது பேசச் சொன்னார்.

"என்னா பேசறது? அரிசி வடிக்கணும், வுடுங்க என்ன" என்றாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பெட்டியில் பழுதில்லை.

வாசக்காலைக் கொஞ்சம் இறக்கினார், தரையைக் கொஞ்சம் தூக்கினார். விளக்கு எரிந்தது. இரண்டாவது புள்ளி வைத்தார். சளி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பதினாலு வயசிலிருந்து பீடி குடிக்கிற ஆளுக்குச் சளி பிடிக்காமல் சந்தனமா மணக்கும்? மருந்துக் கடையில் ஒரு வாரத்துக்கு மாத்திரை, பிறகு பனங்கற்கண்டு, பிறகு அதிமதுரம். மூன்றாவது புள்ளி. நான்காவது புள்ளி.

உண்மையில் அவர் பயந்தார். குரல் போய்விட்டது என்று ஒருத்தன் வாயில் வந்தால் போதும், திருப்பாதிரிப்புலியூரில் வேறொருவன் மைக்கோடு காத்திருந்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. டாக்டர் ஒரு பெயர் சொல்லுவார், அந்தப் பெயரைச் செல்லாயியிடம் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஒரு கூத்து நடந்தது. ஐந்தாவது புள்ளிக்கு வந்தபோது, குரல் ரொம்ப இறங்கியிருந்ததால் கெயினை ஏகத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ரிலீஸும் எப்படியோ வேகமாகத் திரும்பியிருந்தது. பிரிசில்லா என்கிற டீச்சரின் அம்மா சாவுக்குப் பதிவு செய்தார். வார்த்தைக்கு வார்த்தை நடுவில் அவருடைய மூச்சு 'ஹர்ர்' என்று மேலே வந்தது. தொண்டைக்குள் ஏதோ அறுபடுகிற சத்தம். திருத்த நேரமில்லை. பக்கிரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பக்கிரி திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"மாமா, என்னா மாமா பண்ணி வச்சிருக்க? தெருத் தெருவா பொம்பளைங்க வாசல்ல நின்னு அழுவுது. யாரோ எவரோ செத்ததுக்கு இந்த மனுசன் இப்படித் தொண்ட அடைச்சுப் பேசறாரேன்னு."

"அப்படியா?"

"பிரிசில்லா டீச்சர் உன்னக் கும்புட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

உத்திராபதி ரிலீஸ் திருகைப் பார்த்தார். அதைத் திருப்பி வைக்கவில்லை. அதன் ஓரத்திலும் ஒரு புள்ளி வைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த தப்புகளிலேயே பெரியது அந்த ஒரு சொட்டு நகப்பாலிஷ்தான்.

சாவு வேலை குவிந்தது. சிதம்பரத்திலிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். "அழுகைக் குரல்ல வேணும்" என்று சீட்டிலேயே எழுதி அனுப்பினார்கள். தள்ளுபடியும் திறப்பு விழாவும் திருப்பாதிரிப்புலியூர்க்காரனுக்குப் போய்விட்டன. உத்திராபதிக்கு வருத்தமில்லை. அவர் மூச்சு வாங்க வாங்க ஊர் உருகியது. வாசக்கால் திருகின் ஓரத்தில் ஆறாவது புள்ளி.

ஒருமுறை சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். சிங்காரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, தொண்டை டாக்டருக்குச் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்தார். நம்பர் நாற்பத்தொன்று. முப்பத்தெட்டைக் கூப்பிடும்போது போன் அடித்தது.

"மாமா, சாவு. பெரிய எடம். நீதான் பேசணுமாம்" என்றான் பக்கிரி.

எழுந்து வந்துவிட்டார். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து, செல்லாயி துவைத்தபோது வெள்ளை உருண்டையாக வந்தது. "பையப் பாத்துப் போட மாட்டீங்களா" என்று அவள் அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

செல்லாயி பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். முன்னூறு பிள்ளைகளை ஒரே சத்தத்தில் உட்கார வைக்கிற தொண்டை. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பெரிய தொண்டையும் ஒரே கூரைக்குள் மோதிக்கொண்டுதான் கிடந்தன. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் உத்திராபதி போடுகிற கூப்பாடு ஜங்ஷன் வரைக்கும் கேட்கும். இப்போது அவர் கத்துவதில்லை. மெதுவாகப் பேசினார். பக்கத்தில் வந்து, காதோரமாக, "தண்ணி குடு செல்லாயி" என்றார். உப்பில்லாத குழம்பைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கத்த முடியாததுதான் காரணம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெருவில் ஆட்டோ போகும்போது அந்தப் பழைய பெரிய குரல் ஜம்மென்று கேட்டுக்கொண்டுதானே இருந்தது.

ஒரு தைப்பூசத்துக்கு அவள் வடலூருக்குப் போய்வந்தாள். தருமச்சாலைக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்ததாகச் சொன்னாள்.

"எதுக்கு?"

"வேண்டுதல். உங்க கோவம் கொறைஞ்சுதுன்னா தரேன்னு வேண்டியிருந்தேன். கொறைஞ்சுடுச்சு இல்ல?"

உத்திராபதி சட்டியில் இருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றார். அந்த "ம்" மட்டும் நன்றாகவே வந்தது. அன்றைக்கு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று இருந்தார். ஒரு மூட்டை அரிசிக்கு அப்புறம் எப்படிச் சொல்வது? ஏழாவது புள்ளி. எட்டாவது புள்ளி.

ஒன்பதாவது புள்ளி 2011 டிசம்பரில். அதற்கு மேல் திருகு போகவில்லை, முட்டிக்கொண்டது. வாசக்கால் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

அந்த மாசக் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல். முந்திரியும் பலாவும் வேரோடு படுத்தன, கரண்டுக் கம்பங்கள் ஒடிந்து ரோட்டில் கிடந்தன, கடலூர் மாவட்டமே இருண்டது. நாள் கணக்கில் கரண்டு இல்லை. கறுப்புப் பெட்டி செத்துக் கிடந்தது. உத்திராபதி தினம் காலையில் மெத்தை அறைக்குள் போய் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். கரண்டு வரும்வரை யாரும் சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஊரில் அப்படி வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். அதுவும் தொழில் காரணமாக.

எட்டாம் நாள் காலை பிரிசில்லா டீச்சரே நேரில் வந்தார். கூடவே பக்கிரி.

"அண்ணே, அப்பா போயிட்டாரு. சாயங்காலம் அடக்கம். அம்மாவுக்குப் பேசினீங்களே, அதே மாதிரி பேசணும்ணே" என்று சீட்டை நீட்டினார். தேவசகாயம், வயது எழுபத்தாறு. கீழே மகன்கள் பெயர்.

உத்திராபதி மேலே தொங்கிய பல்பைக் காட்டினார்.

"ஆட்டோ பேட்டரி ஃபுல்லா இருக்கு மாமா. நேராவே பேசிடு. மிசினு இல்லன்னா பேச்சு வராதா என்னா?" என்றான் பக்கிரி.

வராது என்று சொல்லத்தான் உத்திராபதி வாயைத் திறந்தார். அதுவே வரவில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினார்.

தெருமுனையில் தண்ணி லாரி நின்றது. குடத்தோடு பாதி முதுநகரும் அங்கேதான். பக்கிரி ஆட்டோவை மெதுவாக உருட்டினான். உத்திராபதி மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

குழாயில் காற்று வந்தது. அவ்வளவுதான். ஜன்னல் இடுக்கில் புகுந்த காற்று மாதிரி ஒரு சத்தம்.

பக்கிரி ஆம்ப்ளிஃபயரை ஏற்றினான். குழாய் ஊளையிட்டது. வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒயரைப் பிடுங்கிச் சொருகி, குழாயை இரண்டு அறை அறைந்துவிட்டு ஏறினான்.

"ஒயர் லூசு போல. இப்பப் பேசு மாமா."

உத்திராபதி பேசினார். பக்கிரி திரும்பிப் பார்க்காமலே, "பேசு மாமா" என்றான் மறுபடியும்.

"பேசிகிட்டுத்தான்டா இருக்கேன்."

அது பக்கிரிக்குக் கேட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஆறு வருஷமாக ஒருநாள்கூட வாய் மூடாத பக்கிரி வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தான்.

வரிசையில் நடுவில் செல்லாயி நின்றாள். உத்திராபதி அவளைப் பார்த்துவிட்டார். அவள் பாதி நிறைந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் இடிக்காமல், அவசரமில்லாமல் நடந்து வந்தாள். ஆட்டோவுக்குள் கையை விட்டு அவர் கையிலிருந்த மைக்கையும் சீட்டையும் வாங்கினாள். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு பேசுகிற மாதிரி பேசினாள்.

"முதுநகர் தேவசகாயம் கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சிட்டாரு. இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்."

மகன்கள் பெயரை வரிசை மாற்றித்தான் படித்தாள். யாரும் சண்டைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்தப் பாதிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள். "உங்ககிட்ட ரெண்டு கொரல் இருக்குன்னு நெனச்சேன். பெருசு ஊருக்கு, சின்னது எனக்குன்னு."

உத்திராபதி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அதுக்குப் போயி அரிசி குடுத்துட்டு வந்தேனே" என்றாள்.

புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் எப்போதிலிருந்து இறங்கியது என்று கேட்டார். உத்திராபதி பேனா கேட்டு வாங்கி, சீட்டின் பின்னால் வட்டம் போட்டு, சுற்றி ஒன்பது புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாசமும் வருஷமும் எழுதினார். ஒன்றுகூட மறக்கவில்லை. வாசக்கால் கதையைச் செல்லாயி சொன்னாள். அவளுக்கு அவர் அப்போதுதான் வழியில் பஸ்ஸில் காதோடு சொல்லியிருந்தார்.

டாக்டர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவதுல வந்திருந்தா குரலே மிஞ்சியிருக்கும். ஆறாவதுல வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, அதை முடிக்காமல் பேனாவை மூடினார்.

மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் ஓட்டை போட்டு அனுப்பினார்கள். கதிர்வீச்சு சிகிச்சை, ஊர் பாஷையில் கரண்ட், வைத்தார்கள். அது ஒன்றுதான் அந்த வருஷம் தமிழ்நாட்டில் தடையில்லாமல் கிடைத்தது. வீட்டில் இரண்டு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும்.

சித்திரையிலிருந்து அறிவிப்பெல்லாம் செல்லாயிதான். பக்கிரி சீட்டுக் கொண்டு வருவான். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மெத்தை அறையில் உட்காருவாள், உத்திராபதி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருகுவார். முதல்நாள் அவள் பேசியபோது சிவப்பு விளக்கு அணையவே இல்லை. வாசக்காலை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். எட்டு, ஏழு, ஆறு என்று புள்ளிகளைத் தாண்டி, 2005இல் தான் நின்ற முதல் புள்ளியிலேயே வந்து நின்றார். அழுகைக் குரல் கேட்டவர்கள் திருப்பாதிரிப்புலியூருக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்துவிட்டார்.

ஆடியில் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. பக்கிரி தூக்கிக்கொண்டுபோய் மெத்தை அறையில் சாய்த்து உட்கார வைத்தான். மத்தியானம் மூன்று மணி. கரண்டு அப்போதுதான் வந்திருந்தது. உத்திராபதி தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துச் செல்லாயியிடம் கொடுத்தார். அவருடைய கையெழுத்து. அவருடைய பெயர். வயது நாற்பத்தேழு. தேதிக்கும் நேரத்துக்கும் இடம் விட்டிருந்தது. மகன்கள் இல்லை, மகள்கள் இல்லை, ஆட்டோவுக்குக் குறுக்கே படுக்க மருமகன் இல்லை. கீழே ஒரே பெயர், செல்லாயி.

"இதுக்கு இப்ப என்னா அவசரம்?" என்றாள். முதல்முறையாக அவள் சத்தமில்லாமல் பேசினாள்.

அவர் மேலே எரிந்த பல்பைக் காட்டினார். பிறகு கையை விரித்தார். தான் போகிற அன்றைக்குக் கரண்டு இருக்குமோ, இருக்காதோ.

பக்கிரி, "நான் வெளிய நிக்கறேன் மாமா" என்று போய்விட்டான். ஆட்டோவின் கண்ணாடியை அவன் துடைக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் துடைத்தான்.

செல்லாயி மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். உத்திராபதி சீட்டின் அடியில் இன்னொரு வரி எழுதிக் காட்டினார். 'மூச்சு கேக்கக் கூடாது.' ரிலீஸ் திருகின் ஓரத்தில் இருந்த அந்தச் சிவப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டி எடுத்தார். திருகை மெதுவான பக்கத்துக்குக் கடைசிவரை திருப்பி வைத்தார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நடுவுல எனக்கு அழுக வந்தா? அதுவும் கேக்காதா?"

உத்திராபதி திருகின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. கழுத்தோட்டையில் காற்று போய் வந்துகொண்டிருந்தது. பிறகு இரண்டு நூல் அளவுக்குத் திருகை வேகமான பக்கம் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பேசு என்று கையைக் காட்டினார்.